பிரேம்சந்த் ராய்சந்த்: பங்கின் விலையும் வருவாயும்

மும்பைக் கோட்டைப் பகுதியில், பல்கலைக்கழக நூலகத்தை அடுத்து 280 அடி உயரத்தில் எழுந்து நிற்கும் இராஜாபாய் மணிக்கூண்டை, வடநாட்டு யாத்திரை செல்லும் வழியில் நம்மவருள் பலர் கண்டிருப்பர். அதனைக் கட்டுவதற்குப் பொருள் வழங்கியவர் ஒரு சைனச் சிராவகர் என்பதும், அதற்கு வைக்கப்பட்டிருப்பது அவருடைய அன்னையாரின் திருப்பெயர் என்பதும் அவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அன்னையார் கண்பார்வை இழந்தவர் என்றும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நோன்பினைத் தவறாது காத்தவர் என்றும், பிறர் உதவியின்றிப் பொழுதை அறிந்துகொள்ள மணியோசை துணை செய்தது என்றும் மும்பை மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். இரவுண்ணாமையை இன்றும் போற்றிவரும் நம் இல்லங்களில் இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும். இது செவிவழிச் செய்தியே ஆயினும், அக்கூண்டு எழக் காரணமாயிருந்த மைந்தர் பிரேம்சந்த் ராய்சந்த் அவர்களின் வாழ்க்கை நன்கு பதிவான வரலாறு. அதனையே இவ்விதழில் நாம் எழுத எடுத்துக்கொண்டோம்.

அவரைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்வரை நம் குடும்பங்களின் பொருள் நிலத்திலும் நகையிலும் இருந்தது. இன்று அதில் ஒரு பகுதி பங்குகளில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், நிலம் விற்ற பணத்தை என்ன செய்வது என்று எண்ணும் பெரியோரும், சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் பிள்ளைகளின் சொற்கேட்டுப் பங்கு வாங்குகின்றனர். பி.இ. விகிதம் இத்தனை, ஆகையால் இது மலிவு என்று ஒரு சொல் அவ்வேளையில் தவறாது வந்து விழும். அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்குப் பிரேம்சந்தின் காலத்துப் பம்பாயைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பிரேம்சந்த் 1831-இல் சூரத்தில் ஓஸ்வால் வணிகர் மரபில் பிறந்தார். சுவேதாம்பர நெறியினர். தந்தையார் ராய்சந்த் பிழைப்பை நாடிப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தபோது பிள்ளையும் உடன் வந்தார். அங்கு அவர் ஆங்கிலம் கற்றது பின்னாளில் பெரும்பயன் தந்தது. அக்காலத்துப் பங்குத் தரகர்கள் வெள்ளையருடன் பேரம் பேச இடைநின்று பேசுவாரை நம்பியிருந்தனர். ஆங்கிலத்தைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்ல முதல் இந்தியத் தரகர் இவரே என்பர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் ஒரு மூத்த தரகருக்கு உதவியாளராகத் தொழிலில் புகுந்த அவர், சில ஆண்டுகளில் தனித்து நின்றார். ஒரு நாளில் பேசி முடித்த பேரங்கள் அனைத்தையும் தாளோ எழுதுகோலோ இன்றி நினைவிலேயே வைத்திருப்பார் என்பது அவரைப் பற்றிய புகழ்ச்செய்திகளுள் ஒன்று.

அன்றைய பங்குச் சந்தைக்குக் கட்டடம் கிடையாது. 1855-ஐ ஒட்டித் தரகர்கள் நகர மண்டபத்தின் எதிரேயுள்ள ஆலமர நிழலில் கூடினர். 1850 வரை அரை டசன் பேரே செய்துவந்த தொழில் அது. 1860-இல் அவர்கள் தொகை அறுபதளவில் இருந்தது. அவர்களுள் முதன்மை பெற்றவர் பிரேம்சந்த்.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்மாநிலங்களின் துறைமுகங்களை வடமாநிலத்தார் கப்பல்களால் அடைத்தனர். அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்த லங்காசயர் நூற்பாலைகள் பஞ்சின்றி நின்றன. இங்கிலாந்தின் பார்வை இந்தியப் பருத்தியின்மேல் திரும்பியது. விலை ஆண்டுக்காண்டு ஏறியது. மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சை விற்றவர்களும் இருந்தனராம். போர் நடந்த ஆண்டுகளில் வழக்கமான வரவுக்கு மேற்பட்டுச் சுமார் 8 கோடி பவுன் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது எனக் கணக்கிட்டிருக்கின்றனர். ஐரோப்பாவுடன் தந்தித் தொடர்பு 1865-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முன் லிவர்பூல் விலை அஞ்சற் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் கரைசேருமுன்பே படகு அனுப்பி அச்செய்தியைப் பிரேம்சந்த் பெற்றுவிடுவார் என்று சொல்லுவர். பருத்தி அரசர் என்னும் பட்டப்பெயர் அவருக்கு அந்நாளில் வாய்த்தது.

வந்த பணம் எங்கே தங்குவது? நூற்பாலை நிறுவுவதற்கு இயந்திரம் வரவேண்டும், காலம் ஆகும். காகிதத்தில் கம்பெனி தொடங்குவதற்கு ஒரு வாரம் போதும். 1865 சனவரியில் பம்பாயில் 31 வங்கிகள், 16 நிதிச் சங்கங்கள், 8 நிலக் கம்பெனிகள், 16 பருத்தி அழுத்தக் கம்பெனிகள், 10 கப்பற் கம்பெனிகள், 20 காப்பீட்டுக் கம்பெனிகள், இவையன்றி 62 பிற கூட்டுப்பங்குக் கம்பெனிகள் இருந்தன என்பது பதிவு. தரகர் தொகையும் 200-ஐத் தாண்டியது. புதுக் கம்பெனியில் பங்கு ஒதுக்கீடு வேண்டுவோர் பிரேம்சந்தின் இல்லத்து வாயிலில் காத்துக் கிடந்தனர். அவர் கைப்பட ஒரு சீட்டு எழுதித் தந்தால் அதுவே செல்வம் எனக் கருதப்பட்டது.

இக்கம்பெனிகளுள் தலையாயது பாக் பே கடல்மீட்புக் கம்பெனி. நகரின் மேற்குக் கரையில் ஆழமற்ற கடலைத் தூர்த்து நிலமாக்கி, இரயில் நிலையத்துக்கும் மனை விற்பனைக்கும் பயன்படுத்துவது நோக்கம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. பின்னாளில் அக்கரையில் நிலம் மீட்கப்படவே செய்தது. முகமதிப்பு 5,000 ரூபாய் கொண்ட பங்கில், அரசுக்கென ஒதுக்கியிருந்த 400 பங்குகளை அரசு ஏற்காதுபோகவே, அவை ஏலத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் சராசரியாக 26,500 ரூபாய் மிகைவிலைக்குப் போயிற்று. அதாவது ஒரு கோடியே ஆறு இலட்சம் ரூபாய் மிகைவிலையாகவே வந்தது. உச்சத்தில் அப்பங்கு 50,000 ரூபாய் வரை ஏறியது.

இவ்விடத்தில் சற்று நின்று விகிதத்தைப் பார்ப்போம். ஒரு பங்கின் சந்தை விலையை, அப்பங்கு ஒன்றுக்குக் கம்பெனி ஓராண்டில் ஈட்டிய நிகர வருவாயால் வகுத்தால் வருவதே பி.இ. விகிதம், அதாவது விலை-வருவாய் விகிதம். விலை 200 ரூபாய், வருவாய் 20 ரூபாய் எனில் விகிதம் 10. வருவாய் இப்படியே நீடித்தால், நாம் கொடுத்த விலைக்கு ஈடான வருவாயைக் கம்பெனி ஈட்டப் பத்தாண்டு ஆகும் என்று பொருள். திருப்பிப் பார்த்தால் நூற்றுக்குப் பத்து. விகிதம் 20 ஆனால் நூற்றுக்கு ஐந்து, 50 ஆனால் நூற்றுக்கு இரண்டு. இதனை வங்கி வைப்பின் வட்டியோடு ஒப்பிடுவது எளிது. ஆனால் அவ்வருவாய் முழுதும் நம் கைக்கு வருவதில்லை. ஈவுத்தொகையாக ஒரு பகுதி வரும், எஞ்சியது கம்பெனியிலேயே தங்கும்.

பாக் பே பங்குக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே 50,000. கீழே? கடல் இன்னும் கடலாகவே இருந்தது. விற்க ஒரு மனை இல்லை. வருவாய் என ஒன்று இல்லாதபோது விகிதமும் இல்லை. அவ்வெண் கிடைக்காமற்போவதே ஓர் எச்சரிக்கைதான். வாங்கினவர் வருவாயை வாங்கவில்லை, தமக்குப் பின் ஒருவர் இதைவிட மிகுதியாகத் தருவார் என்னும் நம்பிக்கையையே வாங்கினர்.

இது எல்லோர்க்கும் எளிதில் விளங்கும். விளங்குவதற்கு அரியது பம்பாய் வங்கியின் கதை. அதுவே நம் வாசகர்க்கு மிகுதியும் பயன்படக்கூடியது என்பது நம் கருத்து. 1840-இல் அரசின் பங்கோடு தோன்றிய இவ்வங்கி காகிதக் கம்பெனி அன்று. ஆண்டாண்டாக உண்மையான வருவாய் ஈட்டியது, ஈவு வழங்கியது. 1863-ஆம் ஆண்டின் சட்டம் அதன் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. பிற கம்பெனிகளின் பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் தருவதற்கு வழி பிறந்தது. வங்கியின் செயலாளரிடம் பிரேம்சந்துக்கு இருந்த செல்வாக்கு பெரிது. அவர் வேண்டியவர்களுக்கும் அவருக்கும் கடன் தாராளமாகக் கிடைத்தது. கடன் வாங்கியவர் பங்கு வாங்கினர். பங்கு விலை ஏறியது. ஏறிய விலையை ஈடாகக் காட்டி மேலும் கடன் பெற்றனர். அக்கடன்களின் வட்டியெல்லாம் வங்கியின் கணக்கில் வருவாயாக ஏறியது. 500 ரூபாய் முகமதிப்புள்ள வங்கிப் பங்கு 2,850 ரூபாயைத் தொட்டது.

விலை மட்டும் ஏறி வருவாய் அப்படியே நின்றிருந்தால், விகிதம் உயர்ந்து கணக்கறிந்தவரை எச்சரித்திருக்கும். இங்கோ வருவாயும் கூடவே ஏறியது. எந்த மயக்கம் விலையை உயர்த்தியதோ அதே மயக்கம் வருவாயையும் உயர்த்தியது. வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் ஒன்றாக வீங்கினால் விகிதம் நோயைக் காட்டாது.

இதனை ஒரு பருத்தி அழுத்தக் கம்பெனியை வைத்து விளக்கலாம். பின்வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் அமைத்துக்கொண்டவை. வழக்கமான ஆண்டுகளில் அக்கம்பெனி பங்குக்கு 20 ரூபாய் ஈட்டுகிறது, விலை 200, விகிதம் 10. போர் மூண்டபின் நான்கு ஆண்டுகளில் வருவாய் 40, 60, 80, 100 என வளர்கிறது. விலையும் 600-க்கு ஏறுகிறது. இப்போது விகிதம் 600-ஐ 100-ஆல் வகுக்க வெறும் 6. முன்பு 10 இருந்தது இப்போது 6, ஆகவே விலை ஏறியும் மலிவுதான் என்று தோன்றும். போர் நிற்கிறது. வருவாய் 10-க்கு இறங்குகிறது, விலை 150-க்கு வீழ்கிறது. விகிதம் 15. இப்போது விலையுயர்வாகத் தோன்றும். வாங்கக்கூடாத வேளையில் மலிவு என்றும், வாங்கலாம் என்று எண்ணிப்பார்க்க வேண்டிய வேளையில் உயர்வு என்றும் அதே எண் சொல்லுகிறது.

இதற்கு மாற்று, ஓராண்டு வருவாயை விட்டுப் பல்லாண்டுச் சராசரியைக் கொள்வது. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-இல் வெளியிட்ட நூலில், ஐந்தாண்டுக்குக் குறையாமலும், இயலுமாயின் ஏழு அல்லது பத்தாண்டுக்கும் சராசரி எடுக்க அறிவுறுத்தினர். நம் எடுத்துக்காட்டில் 20 ரூபாய் ஈட்டிய ஆறு ஆண்டுகளையும் ஏற்றம் கண்ட நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் 400 ரூபாய், சராசரி 40. 600-க்கு விகிதம் 15. ஆறு என்று தோன்றியது உண்மையில் பதினைந்து. அந்தச் சராசரியிலும் போர்க்காலத்து நான்கு ஆண்டுகள் கலந்திருக்கின்றன. அமைதிக்கால வருவாயாகிய 20-ஐ மட்டும் கொண்டால் விகிதம் 30 ஆகிறது. ஆதலின் சராசரி போடுவதோடு நில்லாமல், எந்த ஆண்டு ஏன் அப்படி இருந்தது என்று கேட்பதும் வேண்டும். நல்ல ஆண்டுகளை மட்டும் காட்டும் பத்தாண்டுக் கணக்கு, கெட்ட ஆண்டு ஒன்றையேனும் உட்கொண்ட கணக்குக்கு ஈடாகாது.

பம்பாயில் அந்தக் கெட்ட ஆண்டு விரைவில் வந்தது. 1865 ஏப்ரல் 9-இல் தளபதி லீ சரணடைந்தார். அமெரிக்கப் பருத்தி மீண்டும் வரும் என்னும் செய்தி எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. 1865 சூலை முதல் நாளில் தீர்க்கவேண்டிய தவணைப் பேரங்கள் ஏராளமாக இருந்தன. அந்நாள் வந்தபோது வாங்கியவரிடம் பணம் இல்லை, விற்றவரிடம் விலைபோகும் பங்கு இல்லை. ஒருவர் வீழ, அவரை நம்பியவர் வீழ்ந்தனர். பாக் பே பங்கு தன் முகமதிப்பையும் காக்க முடியாமல் விழுந்தது. பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு விற்றது. 2,850 எங்கே, 87 எங்கே! ஈடாகப் பெற்ற பங்குகள் வெறுங்காகிதம் ஆகவே கடன்கள் திரும்பவில்லை. ஏட்டில் வருவாயாக எழுதியிருந்தது வருவாயே அன்று என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 1866 மே மாதத்தில் இலண்டனில் ஓவரெண்ட் கர்னி என்னும் பெரும் நிதி நிறுவனம் முறிந்ததும் நெருக்கடி முற்றியது. பிரேம்சந்தின் செல்வாக்கில் இயங்கிய ஏசியாடிக் பேங்கிங் கார்ப்பரேஷனும் அவ்வாண்டில் முறிந்தது. பிரேம்சந்தும் கடன் தீர்க்க இயலாதவரானார். அப்போது அவருக்கு வயது 35.

பழைய பம்பாய் வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது. அரசு அமைத்த விசாரணைக் குழு, தளர்ந்த சட்டத்தையும், பொறுப்பற்ற நிருவாகத்தையும், பிரேம்சந்தின் செல்வாக்கையும் காரணங்களாகக் கண்டது. நம் சமயத்தவர் என்பதற்காக இதை மறைத்து எழுதுவது முறையன்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தார்க்கே உரியது. பொருளுக்கு ஓர் எல்லை வரைந்துகொள்ளச் சொல்லுவது அது. அந்த நான்கு ஆண்டுகளில் பம்பாயில் எவரும் எல்லை வரைந்ததாகத் தெரியவில்லை. அவரும் வரையவில்லை. அவரைத் தெய்வமாக உயர்த்தியவர்களே பின்னர் அவரைத் தூற்றினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பங்கு கேட்டு அவர் வாயிலில் நின்றபோது, அக்கம்பெனி என்ன ஈட்டுகிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

செல்வம் இருந்தபோது அவர் வழங்கிய கொடை வேறு வகையில் நின்றது. 1864-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகத்துக்காக 2 இலட்சமும், மணிக்கூண்டுக்காக 2 இலட்சமும் அளித்தார். அவை பங்குச் சந்தைக்கு வெளியே சென்றுவிட்ட பணம். ஆகவே கொடையாளர் நொடித்த பின்னும் கட்டடப் பணி நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் சர் கில்பர்ட் ஸ்காட் வரைபடம் அமைத்தார். 1869 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பெற்று 1878 நவம்பரில் பணி முற்றுப்பெற்றது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஈந்த 2 இலட்ச ரூபாயிலிருந்து பிரேம்சந்த் ராய்சந்த் உதவிச்சம்பளம் தோன்றியது. வங்காளத்தின் கல்விப் பேரறிஞர் அசுதோஷ் முகர்ஜி அதனைப் பெற்றவர்களுள் ஒருவர். அகமதாபாத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அவர் பெயரால் விளங்கியது. நம் மாணவர் பலர் உதவிச்சம்பளத்தால் கல்வி பெற்றவர்களாதலின், இதன் அருமை நமக்குத் தெரியும்.

வீழ்ச்சிக்குப்பின் நாற்பதாண்டுகள் அவர் வாழ்ந்தார். இப்பகுதியைப் பலரும் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். நமக்கோ இதுவே அவர் வாழ்வின் மதிக்கத்தக்க பகுதியாகத் தோன்றுகிறது. ஊரைவிட்டுப் போகவில்லை. பெயர் கெட்ட அதே தெருவில், அதே தரகுத் தொழிலை, அடக்கமான அளவில் மீண்டும் செய்தார். இழந்த செல்வம் முழுதும் திரும்பவில்லை. ஆனால் நம்பிக்கை திரும்பியது. 1875-இல் தரகர்கள் ஒன்றுகூடி, நுழைவுக் கட்டணம் ஒரு ரூபாயாக, 318 உறுப்பினரோடு உள்நாட்டுப் பங்குத் தரகர் சங்கத்தை அமைத்தபோது, அதனை உருவாக்கியவர்களுள் அவரும் முன்னின்றார். இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தொடக்கம் அதுவே. 1906-இல் அவர் காலமானார்.

இன்று நம் கையிலிருக்கும் பங்குகளுக்கு வருவோம். ஒரு கம்பெனியின் விகிதத்தை அதன் பழைய விகிதத்தோடு ஒப்பிடுவது நல்ல வழக்கமே. ஆயின் இரு எண்களும் ஒரே அளவுகோலால் அளந்தவையா என்பதைப் பார்க்கவேண்டும். தேசியப் பங்குச் சந்தை நிப்டி குறியீட்டின் விகிதத்தை நாள்தோறும் வெளியிடுகிறது. 2021 மார்ச் முடிவு வரை தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கு வருவாயைக் கொண்டது. அதன்பின் துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த வருவாய்க்கு மாறியது. உடனே 40-ஐ ஒட்டியிருந்த விகிதம் 33-ஐ ஒட்டி இறங்கியது. சந்தை மலிவாகவில்லை, கீழெண் மாறிற்று. இதை அறியாமல் 2020-ஐயும் 2022-ஐயும் ஒப்பிடுவோர் தவறான முடிவுக்கு வருவர். அவ்வாறே கம்பெனி நிலம் விற்ற ஆண்டின் வருவாயும், இலவசப் பங்கு வழங்கியபின் திருத்தப்படாத பழைய வருவாயும் கணக்கைக் குழப்பும்.

கம்பெனியின் ஆண்டறிக்கைகள் பலவற்றில் பத்தாண்டுச் சுருக்கம் ஒரு பக்கத்தில் அச்சாகியிருக்கும். பங்கு ஒன்றுக்கான வருவாய் என்னும் வரியை அதில் தேடி, பத்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வோராண்டின் இறுதி விலையையும் எதிரே குறித்துக்கொண்டால் கூட்டல் வகுத்தல் அறிந்த பள்ளிப்பிள்ளையும் விகிதத்தைக் கண்டுவிடும். வங்கிப் பங்காயின் வாராக்கடன் எவ்வளவு என்னும் வரியையும் உடன் பார்க்கவேண்டும். 1868-இல் பழைய வங்கியின் இடத்தில் அதே பெயரோடு எழுந்த புதிய பம்பாய் வங்கி, 1921-இல் வங்காள வங்கியுடனும் சென்னை வங்கியுடனும் இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. அது 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. அதன் பங்கு நம் வாசகர் சிலரிடமும் இருக்கக்கூடும். அதன் பத்தாண்டுக் கணக்கில் 2018-ஆம் ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டைப் பார்க்கலாம். வாராக்கடன் சுமையால் அவ்வாண்டு நட்டம். விகிதம் என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் போடவேண்டியிருக்கும்.